படப்பு கரைகிறது, பால் வற்றுகிறது!

"நெல்லில் என்னப்பா லாபம்? வாழையைப் போடு, திராட்சைக்குப் பந்தல் கட்டு, முடியாவிட்டால் மனைக்கட்டாக்கி விற்றுவிடு!" கம்பம் பள்ளத்தாக்கின் சிறு விவசாயிக்கு இப்படிப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. சொல்லுகிறவர்கள் நெல்லை மட்டும் எடை போடுகிறார்கள். தொழுவத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை, முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் வைத்திருப்பவனின் கணக்கே தனி. நெல் அவனுக்கு ஆண்டில் இரண்டே தடவைதான் பணத்தைக் கண்ணில் காட்டும். அதற்கும் உரக்கடைக்காரர் களத்துமேட்டிலேயே காத்து நிற்பார். மளிகைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கைகொடுப்பது பால். அந்தப் பாலைத் தருவது எது? வயலின் வைக்கோல், வரப்பின் புல், அரிசி ஆலையின் தவிடு! மாடும் சும்மா தின்பதில்லை. நாளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாத சாணம், குப்பையாக மக்கி, அதே வயலுக்குத் திரும்புகிறது. ஓர் ஏக்கரில் ஒரு போகத்து வைக்கோல், பசும்புல்லும் சேர்ந்தால், ஒரு பசுவுக்கு ஏறத்தாழ ஓராண்டு காணும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கே அறுந்தது? அறுவடையில்! ஆள் கிடைக்கவில்லை, இயந்திரம் வந்தது. வந்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது வைக்கோலை நசுக்கி வயல் முழுவதும் இறைத்துவிட்டுப் போகிறது. திரட்டிக் கட்ட இன்னோர் இயந்திரம். அதற்கு இன்னொரு வாடகை. கையில் காசில்லாதவன் என்ன செய்வான்? வயலிலேயே வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறான். கட்டுக் கட்டாக லாரியேறிக் குமுளி மலை கடக்கிறது வைக்கோல். விற்றவனே கோடையில் கூடுதல் விலைக்கு வைக்கோல் வாங்குகிறான். இந்த வேடிக்கையை எந்த விவசாயக் கணக்கு ஒப்புக்கொள்ளும்?

பசும்பாலின் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் ஆவின் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் புண்ணாக்கு விலை அரசு அறிவிப்புக்காகக் காத்திருக்கிறதா, என்ன? படப்பு உள்ளவன் ஓரளவு தாக்குப்பிடிப்பான். இல்லாதவன் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவான்.

தண்ணீரும் இதில் சேர்த்தி. அணையின் நீர்மட்டம் 1979இல் 136 அடியாக இறக்கப்பட்டது. 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அடிக்கணக்கைப் பற்றி வாதாடியவர்கள் ஏராளம். இரண்டாம் போகம் பொய்த்தால் படப்பில் பாதி போய்விடும், தொழுவத்தில் பசி வந்துவிடும் என்று பேசியவர் எத்தனை பேர்?

அரசுக்கு நாம் சொல்வது இது: வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் கொடுங்கள். வாடகையைப் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதையும் அறுவடைக்கு முன்பே கொடுங்கள். கதிர் முற்றும் முன்னரே முன்பணத்தோடு வந்து நிற்பவர் லாரிக்காரர்!