ஒரே ஓடம், இரண்டாம் பயணம்

விண்வெளிக்குப் போனவர் பத்திரமா திரும்பிடுவார். அவர் போன வண்டி என்ன ஆகும்? அப்போலோ காலத்தில் அது கடலில் வந்து விழும். அதோட சரி, மறுபடி பறக்காது.

இதை மாற்ற உழைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க விமானி ஜோ எங்கிள். 1965இல் எக்ஸ்-15 என்னும் ராக்கெட் விமானத்தில் மூன்று முறை 80 கிலோமீட்டருக்கு மேலே போனார். காய்ந்த ஏரிப் படுகையில் அதை இறக்கினார். பிறகு, அப்போலோ 17இல் நிலவுக்குப் போக இருந்த இடம் ஒரு நிலவியல் அறிஞருக்குப் போயிடுச்சு. ஆனாலும் எங்கிள் விலகவில்லை. 1977இல் 'என்டர்பிரைஸ்' என்ற சோதனை ஓடத்தை, ஜம்போ விமானத்தின் முதுகிலிருந்து பிரித்து, இஞ்சின் இல்லாமலே தரையிறக்கினார்.

1981 ஏப்ரலில் 'கொலம்பியா' விண்ணுக்குப் போய் வந்தது. ஒரு முறை போனா போதுமா? நவம்பர் 12 அன்று எங்கிளும் ரிச்சர்ட் ட்ரூலியும் அதிலேயே கிளம்பினார்கள். மனிதர்களோடு இரண்டாம் முறை பூமியைச் சுற்றப் போன முதல் ஓடம் அதுதான்! மின்சாரம் தரும் கலம் ஒன்று பழுதானதால் ஐந்து நாள் பயணம் இரண்டு நாளில் முடிந்தது. இறங்கும்போது வெப்பத்தைத் தாங்கியவை சிலிக்கா ஓடுகள். ஓடம் கிளைடர் போல மிதந்துதான் இறங்கும். தவறினால் மறுபடி மேலே எழும்ப முடியாது.

அதே கொலம்பியாதான் 2003இல், தன் 28ஆம் பயணத்தில் உடைந்தது. கல்பனா சாவ்லாவோடு 7 பேர் இறந்தார்கள். கிளம்பும்போது பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையைச் சேதப்படுத்தியிருந்தது.

திரும்பத் திரும்பப் பறப்பது பெரிய சாதனைதான். ஆனா 27 முறை நல்லா வந்துச்சேன்னு 28ஆம் முறை அசட்டையா இருக்க முடியாது. ஒவ்வொரு பயணமும் முதல் பயணம்தான்!

– 9ஆம் வகுப்பு மாணவி