'கட்டணம் இல்லை' என்றால் காசு எங்கே போகிறது?

டூட்டிங் கடைத்தெருவில் 'கட்டணம் இல்லை' என்று கண்ணாடியில் எழுதியிருந்தால் நாங்கள் யோசிக்காமல் உள்ளே போய்விடுகிறோம். கட்டணம் நாணய விகிதத்துக்குள் இருக்கும். சந்தையில் பவுண் 400 ரூபாய் என்று வைப்போம். கடை 388 தந்தால் 500 பவுணுக்கு ஊரில் 194,000 ரூபாய்தான். 3 பவுண் கழித்துவிட்டு 398 தருகிற இடத்தில் 197,806. ஆகவே "500 பவுண் தந்தால் அம்மாவின் கையில் எவ்வளவு கிடைக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் அங்கத்தைய ஏடிஎம் பவுணிலா ரூபாயிலா என்று கேட்டால் ரூபாயையே அழுத்துங்கள். பவுணை அழுத்தினால் விகிதத்தை அந்த இயந்திரக்காரரே தீர்மானிப்பார்.

உண்டியல்? 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிடும்வரை வங்கி விகிதம் மிகக் குறைவு. உண்டியலுக்குப் போனவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் தாயின் சத்திரசிகிச்சைக்கென்று ஒருவர் அப்படிக் கொடுத்த 2,000 பவுண் போய்ச்சேரவேயில்லை. எங்களிடம் வந்தபோது அவர் கையில் ஒரு துண்டு ரசீதுகூட இல்லை. நாங்கள் எதை வைத்துக் கணக்கெழுதுவது?

அனுப்பும் நிறுவனத்தின் பெயர் எஃப்சிஏ பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.