சம்பளம் கட்டுவது சர்க்கார். மார்க் மட்டும் ரகசியம்! அமெரிக்க நகரில் 20 வருஷம் நடந்த கூத்து

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது மில்வாக்கி நகரம். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர். பீர் ஆலைகளுக்கும் பேர் போனது.

இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளிக்கூடத்தில் படிக்க, சர்க்காரே சம்பளம் கட்டும் திட்டம் அமெரிக்கப் பெருநகரங்களில் முதன்முதலாக 1990-ல் இங்கேதான் தொடங்கியது.

அதற்குப் போராடியவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பின பெண்மணி. சட்டசபை உறுப்பினர். ஜனநாயகக் கட்சிக்காரர். கவர்னர் டாமி தாம்ப்சனோ குடியரசுக் கட்சி. எலியும் பூனையுமாக இருக்க வேண்டியவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்தார்கள்.

"பணக்காரன் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குது. எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது?" இதுதான் அந்த அம்மாமார்களின் கேள்வி. நியாயமான கேள்விதானே!

முதல் வருஷம் 7 பள்ளிக்கூடங்கள். முன்னூற்றுச் சொச்சம் பிள்ளைகள். தலைக்கு 2,446 டாலர் உபகாரச் சம்பளம்.

மூடிய கதவு

முதல் ஐந்து வருஷம் ஒரு பேராசிரியர் பிள்ளைகளின் மார்க்கை வாங்கிக் கணக்குப் பார்த்தார். பெற்றோருக்குத் திருப்திதான், ஆனால் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதினார்.

1995-ல் சட்டத்தை மாற்றினார்கள். மத அமைப்புகள் நடத்தும் பள்ளிக்கூடங்களும் திட்டத்தில் சேரலாம் என்றார்கள். அதே கையோடு, வருஷா வருஷம் மார்க்கைக் கணக்கெடுக்கும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள்!

1998-ல் மாநில உச்சநீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியது. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பணம் கோடிக்கணக்கில் போனது. பிள்ளை என்ன படித்தான்? யாருக்கும் தெரியாது.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் முத்திரை குத்தாத தராசை வைத்துக் கடை நடத்த முடியுமா? ஒரே வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். இங்கே தராசே கிடையாது.

இரண்டு பென்ஸ் கார்!

விளைவு? 2004-ல் ஒரு மோசடி அம்பலமாகி ஊரே சிரித்தது. ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திய ஆசாமி, பள்ளிப்பக்கமே வராத பிள்ளைகள் பேரில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குச் செக் மாற்றி, தனக்கு இரண்டு பென்ஸ் கார் வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. நன்றாக நடத்தியவர்கள் நிறையப் பேர். ஆனால் நல்லவர் யார், போலி யார் என்று ஒரு தாய் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தையும் சீருடையையும் பார்த்துத்தானே!

2006-ல் ஒரு பேரம் நடந்தது. திட்டத்தில் சேரும் பிள்ளைகளின் உச்சவரம்பை 22,500 ஆக உயர்த்துகிறோம்; பதிலுக்கு நீங்கள் பரீட்சை வைத்து மார்க்கை ஆராய்ச்சியாளர்களிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடங்கள் கொடுத்தன. ஆனால் எந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு என்பது அப்போதும் வெளியே வரவில்லை.

2009 சட்டம்தான் பூட்டை உடைத்தது. 2010-11 முதல், சர்க்கார் பள்ளிப் பிள்ளை எழுதும் அதே பரீட்சையை உபகாரச் சம்பளப் பிள்ளையும் எழுத வேண்டும். பள்ளிவாரியாக மார்க்கை வெளியிட வேண்டும்.

2011 மார்ச்சில் முடிவு வந்தது. பகீர்!

கணக்கில் தேறியவர்கள், நகர சர்க்கார் பள்ளிகளில் 100-க்கு 48 பேர். உபகாரச் சம்பளப் பிள்ளைகளில் 34 பேர்தான். வாசிப்பில் 59-க்கு 55.

"சர்க்கார் பள்ளியில் வசதியான பிள்ளையும் படிக்கிறான், ஒப்பிடலாமா?" என்று கேட்டார்கள். சரி, ஏழைப் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் சமம். கணக்கில் அப்போதும் தனியார்தான் பின்னால்.

பயம் செய்த வேலை

இனிமேல்தான் சுவாரசியமே.

அதே சமயத்தில் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உபகாரச் சம்பளப் பிள்ளைகள் சுமார் 2,700 பேர். ஒவ்வொருவருக்கும் ஈடாக, எல்லா விதத்திலும் ஒத்த ஒரு சர்க்கார் பள்ளிப் பிள்ளை. 2006-ல் தொடங்கி வருஷம் தவறாமல் ஜோடி ஜோடியாகப் பார்த்தார்கள்.

முதல் சில வருஷங்கள் வித்தியாசமே இல்லை. கடைசி வருஷம் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பில் சட்டென்று முன்னேறினார்கள்!

அது எந்த வருஷம்? மார்க்கை ஊரறிய வெளியிட வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்த அதே வருஷம்! பேப்பரில் முடிவு வருவதற்கு முன்பே, வரப்போகிறது என்ற பயமே வேலை செய்துவிட்டது.

முன்னேற்றத்தில் ஒரு பங்காவது இந்தப் பரீட்சைக் கெடுபிடியால் வந்தது என்று ஆராய்ச்சியாளர்களே 2012 அறிக்கையில் எழுதினார்கள். நிஜமாகவே படிப்பு வந்ததா, பரீட்சைக்குத் தேய்த்துத் தேய்த்துத் தயார் பண்ணினார்களா என்ற சந்தேகத்தையும் அவர்களே கிளப்பினார்கள்.

எனக்குக் கேட்டால், தயார் பண்ணியதாகவே இருக்கட்டும். அதற்கு முந்தின வருஷம் அதைக்கூடச் செய்யவில்லையே!

பள்ளிக்கூடங்களின் கட்சியையும் சொல்ல வேண்டும். "எங்க பாடத்திட்டம் வேற, உங்க பரீட்சை வேற. பரீட்சைக்காகப் பாடத்தை மாத்தினா, நாங்களும் இன்னொரு சர்க்கார் பள்ளிக்கூடம் ஆயிடுவோம். அப்புறம் தனியார் எதுக்கு?" என்கிறார்கள். இதில் விஷயம் இல்லாமல் இல்லை. லூசியானா மாநிலம் 2012-ல் திட்டத்தை மாநிலம் முழுக்கப் பரப்பியபோது, மாநிலப் பரீட்சை கட்டாயம். தனியார் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குதான் சேர்ந்தது. நல்ல பள்ளிக்கூடங்கள் ஒதுங்கிக்கொண்டன என்ற பேச்சு இன்றும் உண்டு.

ஆனால் லூசியானாவில் பரீட்சை இருந்ததால்தான் ஒரு கசப்பான உண்மையும் தெரிந்தது. குலுக்கலில் இடம் கிடைத்துத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள், கிடைக்காமல் நின்றுபோன பிள்ளைகளைவிடக் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியதாக 2015-ல் மூன்று பொருளாதார நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். குலுக்கலில் பேர் வந்ததும் அந்த வீடுகளில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

இன்னொன்று. மில்வாக்கியில் மார்க்கில் அசந்தாலும், பள்ளிப் படிப்பை முழுசாக முடிப்பதில் உபகாரச் சம்பளப் பிள்ளைகள் கொஞ்சம் மேல் என்று அந்த 2,700 பேர் ஆராய்ச்சியே சொன்னது. ஒரு பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மைதான்.

காற்று திரும்புகிறது

இவ்வளவும் தெரிந்த பிறகு மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? அரிசோனா 2022-ல் பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் பணம் என்று சட்டம் போட்டது. பரீட்சை நிபந்தனையே வைக்கவில்லை.

டெக்சாஸ் 2025 மே மாதம் சட்டம் போட்டது. ஒதுக்கிய தொகை 100 கோடி டாலர். பரீட்சை உண்டு; ஆனால் மாநிலப் பரீட்சைதான் எழுத வேண்டும் என்பதில்லை. தேசிய அளவிலான வேறு பரீட்சையும் எழுதலாம்.

தெருவின் இந்தக் கோடியில் சர்க்கார் பள்ளி, அந்தக் கோடியில் தனியார் பள்ளி. இரண்டிலும் மார்க் உண்டு. ஒன்று ஒரு பரீட்சையின் மார்க். மற்றது வேறு பரீட்சையின் மார்க். நடுவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய் எதை வைத்து எடைபோடுவாள் என்பதைச் சட்டம் போட்டவர்கள் சொல்லவில்லை.