463 படி ஏறிப் படிக்கும் பாடம்!

சிற்பமும் சித்திரமும் பாடமாக இருந்தால், அதை எங்கே படிப்பது? புத்தகத்தில் படிக்கலாம். படத்தைப் பார்த்து மனப்பாடமும் செய்யலாம். ஆனால் 17 அடி உயரச் சிலை, புத்தகத்தில் கட்டைவிரல் அளவுதானே இருக்கும்!

அதனால்தான் ஐரோப்பாவில் பல பள்ளிக்கூடங்கள், கலை வரலாறு படிக்கும் மாணவ-மாணவிகளை இத்தாலி நாட்டில் உள்ள பிளாரன்ஸ் நகருக்கு அழைத்துப் போகின்றன. அர்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது, இந்த நகரம். லியோனார்டோ டாவின்சி தொழில் கற்ற ஊர். மைக்கேல் ஆஞ்சலோ உளி பிடித்த ஊர்.

முப்பது பிள்ளைகள். நான்கு நாள் பயணம். இதற்கு ஆசிரியர் எப்போது வேலையைத் தொடங்க வேண்டும், தெரியுமா? ஒரு வருடத்துக்கு முன்பே!

பணம் கட்ட முடியாத பிள்ளை

முதல் வேலை, பெற்றோருக்குக் கடிதம். எத்தனை நாள், எங்கே தங்குவது, எவ்வளவு செலவு, எத்தனை ஆசிரியர்கள் துணைக்கு வருகிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே தவணையில் பணம் கேட்டால் பல குடும்பங்கள் திணறிப்போகும். அதனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்லுகிறார்கள்.

அப்படியும் கட்ட முடியாத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை "எனக்கு ஊர் சுற்றப் பிடிக்காது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். அது உண்மையான காரணம் அல்ல என்பது ஆசிரியருக்குத் தெரியாதா, என்ன? பல பள்ளிகளில் கேக் செய்து விற்றும், கார் கழுவியும் பிள்ளைகளே பொது நிதி சேர்க்கிறார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது வெளியே தெரியக்கூடாது. நல்ல ஆசிரியர் இதில்தான் அதிகக் கவனம் எடுப்பார். படம் பார்ப்பதெல்லாம் பிறகு!

ஒரு நல்ல சேதி: இத்தாலியில் அரசாங்கக் கலைக்கூடங்களில் 18 வயது ஆகாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. முன்கூட்டிப் பதிவு செய்வதற்குத்தான் சிறு தொகை.

திங்கட்கிழமை பூட்டு

நகரின் பெரிய கலைக்கூடம் உபிசி. 'உபிசி' என்றால் 'அலுவலகங்கள்' என்று பொருள்! 1560-ம் ஆண்டு, அரசாங்க அலுவலகமாகத்தான் இதைக் கட்டத் தொடங்கினார்கள். டேவிட் சிலை இருப்பது அக்காடெமியா என்ற இன்னொரு கலைக்கூடத்தில். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் திங்கட்கிழமை போய் இறங்கினால், பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

உபிசியில் உள்ள எல்லாப் படங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று சில ஆசிரியர்கள் ஆசைப்படுவார்கள். அது வீண் ஆசை. ஒரு மணி நேரம் போனதும் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும். இரண்டு மணி நேரம் போனால் கண்ணும் வலிக்கும். பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம்.

இந்தப் படங்கள் இன்றும் அதே ஊரில் இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. மெடிசி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா. 'குடும்பத்தின் கலைச்செல்வங்களில் ஒன்றுகூட ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது' என்று 1737-ம் ஆண்டில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார், அவர்.

ஜெயித்தது யார்?

பார்ஜெல்லோ என்ற காட்சிச்சாலையில் இரண்டு வெண்கலத் தகடுகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே காட்சி: மகனைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறார் ஒரு தந்தை. தேவதூதன் வந்து தடுக்கிறான்.

1401-ம் ஆண்டு நடந்த போட்டிக்காகச் செய்தவை இவை. ஒன்றைச் செய்தவர் கிபெர்ட்டி. மற்றதைச் செய்தவர் புருனெல்லெஸ்கி. இரண்டு பேருமே இளைஞர்கள். யார் ஜெயித்தது என்று சொல்லாமல், பிள்ளைகளைக் கைதூக்கச் சொல்லவேண்டும். "இது நல்லது", "இல்லை, அதுதான் நல்லது" என்று சண்டையே வந்துவிடும். வரட்டும். அந்தச் சண்டைதான் பாடம்!

ஜெயித்தவர் கிபெர்ட்டி. ஞானஸ்நானக் கோவிலுக்கு வெண்கலக் கதவு செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. பின்னர் அவர் செய்த இன்னொரு ஜோடிக் கதவுக்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

தோற்றவர் என்ன ஆனார்? அந்தக் கோவிலுக்கு எதிரே உள்ள பேராலயத்தின் மேல் மாபெரும் கோபுரக் கூரையைக் கட்டினார்! தரையிலிருந்து மரச்சாரம் தாங்காமல், செங்கல்லை அடுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள் எழுப்பினார். 1420-ல் தொடங்கிய வேலை 1436-ல் முடிந்தது. அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவேதான் படி ஏறுகிறது. மொத்தம் 463 படிகள். லிப்ட் கிடையாது. ஆஸ்துமா உள்ளவர், உயரத்துக்குப் பயப்படுபவர் யார் யார் என்று ஆசிரியர் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களோடு கீழே இருக்க ஒரு ஆசிரியர் வேண்டும்.

சேற்றில் இறங்கிய இளைஞர்கள்

1966-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, அர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. சில இடங்களில் 20 அடி உயரத்துக்குத் தண்ணீர்! கிபெர்ட்டியின் கதவிலிருந்து ஐந்து தகடுகள் பிய்ந்து விழுந்தன. சிமாபு தீட்டிய பழமையான சிலுவை ஓவியத்தில் பாதிக்கு மேல் வண்ணம் போய்விட்டது. உடனே பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஓடி வந்தார்கள். வரிசையாக நின்று, சேறு படிந்த புத்தகங்களைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று ஊரார் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

சாந்தா குரோச்சே ஆலயத்தில் அந்தச் சிலுவை ஓவியம் இன்றும் இருக்கிறது. வண்ணம் போன இடங்களையும் பார்க்கலாம். அதைக் காட்டாமல் பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வரக்கூடாது.

கடைசி நாள், டேவிட். வேறு சிற்பிகள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட பளிங்குக் கல்லில், 1501-ல் இருந்து 1504 வரை மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கிய சிலை. 1873 வரை இது வெட்டவெளியில், நகர சதுக்கத்தில்தான் நின்றது. இப்போது அங்கே இருப்பது நகல்.

1527-ல் நடந்த கலகத்தில், அரண்மனை ஜன்னலிலிருந்து யாரோ வீசிய பெஞ்சு, சிலையின் இடது கையில் விழுந்தது. கை மூன்று துண்டாக உடைந்தது. கலகத்துக்கு நடுவே இரண்டு சிறுவர்கள் ஓடிப்போய் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். அவர்களில் ஒருவன் வசாரி. வயது 15. பின்னாளில் உபிசியைக் கட்டத் தொடங்கியவர் அவர்தான்!

சிலையின் இடது கையை உற்றுப் பார்த்தால், ஒட்டவைத்த தடம் இன்றும் தெரிகிறது.