நாற்பது மணிநேரப் பயிற்சியும் கலிபோர்னியாவில் ஒரு வேலையும்

கடந்த மாதம் கிளிநொச்சியிலிருந்து சித்தியின் மகள் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். ஓட்டிசம் உள்ள சிறுவர்களுடன் வேலை செய்ய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கான வெற்றிடங்கள் இருக்கின்றனவாம். உயர்தரம் படித்திருந்தாலே போதுமாம். நாற்பது மணிநேர இணையவழிப் பயிற்சி, அதற்குப் பிறகு வேலை. கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபா. கீழே அவள் கேட்டிருந்தாள்: "அக்கா, இது உண்மையோ? அம்மா சங்கிலியை அடகு வைச்சுத் தாறன் எண்டு சொல்லுறா. கட்டலாமோ?"

அவள் ஒரு முன்பள்ளி ஆசிரியை. மாதம் சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுதான் அவளுக்குக் கிடைக்கிறது. அந்தச் சங்கிலி, 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறியபோது சித்தியின் கழுத்தில் மிஞ்சியது. ஆகவே அவசரமாக 'ஓம்' என்றோ 'வேண்டாம்' என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை. கலிபோர்னியாவில் இதே வேலையைச் செய்யும் மச்சாள் ஒருத்தி எனக்கு இருக்கிறாள். அவளுடன் இரண்டு இரவுகள் பேசினேன். சட்டங்களையும் விதிகளையும் தேடி வாசித்தேன். விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த விளம்பரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்திருக்காது.

இது என்ன வேலை?

ஒரு பிள்ளை எதற்காகக் கத்துகிறது, எதற்காகத் தலையைச் சுவரில் மோதுகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை நாள்தோறும் அவதானித்துக் குறித்து, பேச்சு, உண்ணல், உடுத்தல், விளையாட்டு போன்றவற்றைச் சிறு சிறு படிகளாகப் பழக்கும் முறையைப் 'பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு' என்பார்கள். சுருக்கமாக ஏ.பி.ஏ. இது உளவளத்துணை அல்ல. போரினால் ஏற்பட்ட மனவடுவுக்கான சிகிச்சையும் அல்ல. அமெரிக்காவில் இந்த வேலைகளில் மிகப் பெரும்பாலானவை ஓட்டிசம் உள்ள சிறுவர்களுடன்தான்.

இந்தத் தொழிலில் இரண்டு முக்கிய படிகள் உள்ளன. மேலே இருப்பவர் நடத்தைப் பகுப்பாய்வாளர். இவருக்கு முதுமாணிப் பட்டமும் பொதுவாக 2,000 மணிநேர மேற்பார்வையிடப்பட்ட களப்பயிற்சியும் வேண்டும். அதன்பின் பரீட்சை எழுத வேண்டும். பிள்ளையை மதிப்பிட்டுத் திட்டம் எழுதுவது இவர். அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலோ நிலையத்திலோ பிள்ளையோடு மணிக்கணக்கில் தரையில் இருந்து வேலை செய்பவர் பதிவுபெற்ற நடத்தைத் தொழில்நுட்பவியலாளர். அங்கே ஆர்.பி.ரி. என்பார்கள். பதினெட்டு வயது, பாடசாலைக் கல்வி, குற்றப் பின்னணிச் சோதனை, 40 மணிநேரப் பயிற்சி, செயன்முறைத் தேர்ச்சி மதிப்பீடு, பரீட்சை ஆகியவை இதற்கான தகைமைகள். சான்றிதழ் பெற்ற பிறகும் தனித்து இயங்க முடியாது. மாதந்தோறும் வேலை நேரத்தில் குறைந்தது 5 வீதம் மேற்பார்வையின் கீழ் இருக்கவேண்டும்.

ஆக, விளம்பரத்தில் இருந்த 'நாற்பது மணிநேரம்' பொய் அல்ல. அந்த உண்மைக்குப் பின்னால் சொல்லப்படாமல் விடப்பட்டவையே சிக்கல்.

வேலைகள் எங்கிருந்து வந்தன?

கலிபோர்னியாவுக்கு இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. லொஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாரத்துக்கு 40 மணிநேரத்துக்கும் மேல் தீவிர பயிற்சி பெற்ற 19 சிறுவர்களில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேரும் நிலைக்கு வந்தார்கள் என்றது அது. பெற்றோருக்கு அது பெரிய நம்பிக்கை. ஆனால் வாரம் 40 மணிநேரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

1969இல் இயற்றப்பட்ட லான்டர்மன் சட்டத்தின் வழியே, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் பொறுப்பைக் கலிபோர்னியா ஏற்றிருந்தது. இன்று 21 பிராந்திய நிலையங்கள் அதைச் செய்கின்றன. ஆனால் தனியார் மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் நீண்டகாலம் கைவிரித்தன. "இது மருத்துவம் அல்ல, கல்வி, பாடசாலையிடம் கேளுங்கள்" என்பதே அவற்றின் பதில். பெற்றோர் முறையிட்டார்கள், வழக்காடினார்கள், சட்டமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஒக்டோபரில் ஆளுநர் ஜெரி பிரவுண் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 2012 ஜூலை 1 முதல் காப்புறுதித் திட்டங்கள் ஓட்டிசத்துக்கான நடத்தைச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றது அது. 2014 செப்டெம்பரில், வறிய குடும்பங்களுக்கான 'மெடி-கால்' என்ற அரச காப்புறுதியும் 21 வயதுக்குட்பட்டோருக்கு இதை வழங்கத் தொடங்கியது.

வேலைச் சந்தை அங்கேதான் விரிந்தது. அதற்கு முதல் நாளும் கலிபோர்னியாவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களின் தாய்மாரும் நித்திரையின்றி இருந்தார்கள். தேவை பழையது. புதிதாக வந்தது பணம் கொடுக்கச் சட்டத்தால் கட்டுப்பட்ட ஒரு தரப்பு. 2012இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. மேற்பார்வையாளர், இடைநிலையாளர், துணைப் பணியாளர் என்று மூன்று மட்டங்களை வகுத்தது. துணைப் பணியாளரின் மணித்தியாலங்களுக்கும் காப்புறுதி பணம் கொடுக்கலாம் என்றானதும், உயர்தரக் கல்வியோடு நின்றவர்களுக்கும் அந்தச் சந்தையில் இடம் கிடைத்தது.

எண்ணிக்கையும் கூடியது. சன் டியாகோ பகுதியில் 2022இல் எட்டு வயதுப் பிள்ளைகளிடையே 19 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் அடையாளம் காணப்பட்டதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2025இல் அறிவித்தது. கண்காணிக்கப்பட்ட இடங்களின் மொத்தச் சராசரி 31 பேரில் ஒருவர். சன் டியாகோவில் சிறுவயதிலேயே கண்டறிவதற்கு மருத்துவர்கள் பலர் பயிற்றப்பட்டிருப்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தேடிப் பார்க்கும் இடத்தில்தான் எண்ணிக்கை தெரியவரும்.

சம்பளமும் சங்கடமும்

பகுப்பாய்வாளருக்குக் கலிபோர்னியாவில் ஆண்டுக்கு 80,000 டொலரிலிருந்து ஓர் இலட்சம் டொலரும் அதற்கு மேலும் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. தொழில்நுட்பவியலாளருக்கு மணிக்கு 20 முதல் 30 டொலருக்குள். எங்கள் காசில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அங்கே 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுக் கடைகளின் ஊழியருக்கே சட்டப்படி மணிக்கு 20 டொலர் கொடுக்க வேண்டும். அதே மாநிலத்தில்தான் நாட்டின் மிகக் கூடிய வீட்டு வாடகைகளும் உள்ளன.

"காப்புறுதி பதினைஞ்சு நிமிசம் பதினைஞ்சு நிமிசமாய்த்தான் காசு குடுக்கும்" என்றாள் மச்சாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு தாய் போன் எடுத்தா அண்டைக்கு என்ர மூண்டு மணித்தியாலம் போச்சு. முழுநேரம் எண்டு சொல்லித்தான் சேர்த்தவை. சில கிழமை இருபத்திரண்டு மணித்தியாலமும் வராது." வீடு விட்டு வீடு ஓடுகிற நேரத்துக்கும் பெற்றோலுக்கும் முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்னேரம் மூன்றிலிருந்து ஏழு வரைதான் பாடசாலைப் பிள்ளைகள் கிடைப்பார்கள். கடிபடுவதும் அடிபடுவதும் வேலையின் பகுதி. அதனால் பலர் ஓரிரு ஆண்டுகளில் விட்டுவிடுகிறார்கள். விளம்பரங்கள் ஓயாமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வெற்றிடங்கள் நிறைய இருக்கின்றன என்றால், விட்டுப்போனவர்களும் நிறைய என்று அர்த்தம்.

காப்புறுதிப் பணத்தின் பின்னால் முதலீட்டு நிறுவனங்களும் வந்தன. 1990இல் கலிபோர்னியாவில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்த 'கார்ட்' என்ற சிகிச்சை நிறுவனத்தை 2018இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2023 ஜூனில் 'கார்ட்' வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பல மாநிலங்களில் அதன் நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு குரலையும் தவிர்க்க முடியாது. ஓட்டிசத்துடன் வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர் இந்த முறையைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். லோவாஸின் காலத்தில் தண்டனையும் முறையின் பகுதியாக இருந்தது. இன்று அதைப் பெரும்பாலானோர் கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் 'எங்களை மற்றவர்களைப்போல நடிக்கப் பழக்கினார்கள்' என்ற மனக்குறை ஓயவில்லை. இத்தொழிலுக்கு வர நினைப்பவர்கள் சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதோடு இதையும் வாசிக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து போக முடியுமா?

இந்தச் சான்றிதழ்களை வழங்குவது 1998இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சான்றளிப்புச் சபை ஒன்று. அது 2023 ஜனவரி 1 முதல் தன் கதவைச் சுருக்கிக்கொண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும், விதிவிலக்காக வேறு ஓரிரு நாடுகளிலும் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே புதிய விண்ணப்பங்களை ஏற்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. கிளிநொச்சியில் இருந்தபடி நாற்பது மணிநேரமும் படிக்கலாம். ஆனால் அங்கிருந்து விண்ணப்பித்து அந்தச் சான்றிதழைப் பெற முடியாது.

அடுத்தது விசா. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கு, அந்த வேலையே குறைந்தது ஓர் இளமாணிப் பட்டத்தைக் கோருவதாக இருக்க வேண்டும். உயர்தரம் போதும் என்ற வேலைக்கு அந்த விசா இல்லை. அதாவது, 'உயர்தரம் போதும்' என்று விளம்பரத்தில் ஆசை காட்டிய அதே வரிதான் விசாக் கதவை மூடுகிறது. மச்சாள் போனது திருமணத்தின் வழியாக. வதிவிட அனுமதி கிடைத்த பிறகே அவள் பயிற்சி எடுத்தாள். அதற்கு அவள் ஒரு சதமும் கட்டவில்லை, வேலைக்குச் சேர்த்த நிறுவனமே பயிற்சிக்குப் பணம் கொடுத்தது.

ஒரு வழி இருக்கிறது. பட்டம் முடித்து, மாணவராகப் போய், முதுமாணி படித்து, களப்பயிற்சி செய்து பகுப்பாய்வாளராவது. அது பல ஆண்டுகளும் பெரும் பணமும் கேட்கிற வழி. ஒன்றரை இலட்சத்தில் முடிவதல்ல. ஏற்கனவே அமெரிக்காவில் வதிவிட உரிமையோடு இருக்கும் எங்கள் உறவுகளுக்கோ இது நல்ல தொடக்கமாக அமையலாம். அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்: வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உறுதி? பிள்ளை வராத நாளுக்குச் சம்பளம் உண்டா? பயணத்துக்கு? மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்?

எங்கள் பக்கம்

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு மீள்குடியேற்றக் காலம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது எங்கள் ஊர்களில் உளசமூகப் பணியாளர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் மனம் உடைந்தவர்களோடு இருந்து பேசிய பெண்களை எனக்குத் தெரியும். திட்டங்கள் முடிந்தன, நிதி நின்றது, வேலையும் போயிற்று. அவர்களில் ஒருத்தி இப்போது புடவைக் கடையில் நிற்கிறாள். மனம் உடைந்தவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் அந்த வேலைகள் நிலைத்ததற்குக் காரணம் அங்குள்ளவர்கள் கூடக் கருணையுள்ளவர்கள் என்பதல்ல. கொடுப்பனவு திட்டத்தில் அல்லாமல் சட்டத்தில் எழுதப்பட்டது. அதை எழுதவைத்தவர்கள் பெற்றோர்.

இலங்கையிலும் தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரை நகரப் பகுதியொன்றில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 93 குழந்தைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. வடக்கில் அப்படி ஒரு பிள்ளையின் தாய்க்கு உதவுகிற ஒரு முன்பள்ளி ஆசிரியையின் மணித்தியாலத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று மாகாண நிர்வாகத்திடமும் எங்கள் பிரதிநிதிகளிடமும் கேட்கவேண்டிய காலம் இது.

தங்கச்சிக்கு நான் எழுதினேன்: "காசு கட்டாதை. சங்கிலி சித்தியிட்டையே இருக்கட்டும்." ஏன் என்பதையும் மேலே உள்ளபடி எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு இப்படி வந்தது: "சரி அக்கா. ஆனா என்ர முன்பள்ளியில நாலு வயசில ஒரு பெடியன் இருக்கிறான். கதைக்க மாட்டான். தாய் வாசல்லயே இருந்து பாத்துக்கொண்டிருப்பா. மச்சாளோட ஒருக்காக் கதைக்கலாமோ, அவனுக்கு என்ன செய்யிறதெண்டு?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பேசுகிறார்கள். அவள் அந்தப் பெடியன் எப்போது அழுகிறான், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறிக்கிறாள். அந்த வேலைக்கு இன்னும் யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.