தேங்காய்ப்பால் சூடிய மகுடம்

கடற்கரையில் வாழ்வோருக்கு அலை புதிதன்று. ஆயினும், அலை கரையில் மோதிச் சிதறும் அந்த ஒரு கணத்தை முழுமையாகக் கண்டவர் யார்? கண் பற்றுமுன்னரே அது கழிந்துவிடுகிறது. அத்தகைய கணத்தை வீட்டிலிருந்தே படமாகப் பிடிக்கலாம் என்று நாம் அறிந்தது, 2022ஆம் ஆண்டில் புத்தளம் மாவட்டத்து உடப்பில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்த வேளையிலாகும்.

அந்நாட்களில் நாடெங்கும் மணிக்கணக்காக மின்வெட்டு. பால்மாவும் கிடைத்தற்கரியதாயிற்று. ஆனால் இருளுக்கும் தென்னைக்கும் அக்கரையில் பஞ்சமில்லை. எம்மிடம் இருந்ததோ பழைய கமரா ஒன்றும், மின்கலத்தில் இயங்கும் பிளாஷ் விளக்கு ஒன்றும். பன்னிரண்டு வயது மருமகளே எமக்கு உதவியாளர்.

அசைவை நிறுத்த விரைவான ஷட்டர் வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதனை நிறுத்துவது ஒளியின் சுருக்கமே. 40 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் துளி, தட்டை அடையும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 2.8 மீற்றர் வேகம் கொள்கிறது. ஷட்டரைச் செக்கனில் 200இல் ஒரு பங்கு நேரமே திறந்தாலும் அதற்குள் துளி 14 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். படத்தில் வெண்கோடு ஒன்றே எஞ்சும். பிளாஷை ஆகக்குறைந்த வலுவில் வைத்தாலோ, ஒளி ஏறக்குறைய 20,000இல் ஒரு பங்கு செக்கனே நிலைக்கிறது. அதற்குள் துளி நகர்வது ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்கு மாத்திரமே. இருட்டறையில் ஷட்டர் சில செக்கன்கள் திறந்திருப்பினும் தீங்கில்லை. ஒளி பட்ட கணமே படமாகும்.

கறுப்புத் தட்டொன்றில் கப்பிப்பாலை மெல்லிய படலமாக ஊற்றினோம். துளி விழும் இடத்திற் பென்சிலை வைத்துக் குவியம் பார்த்து, பின் அதனை அகற்றினோம். மூலையில் மறைத்த சிறு விளக்கின் மங்கலில் மருமகள் துளியை விடுவாள். அது விடுபடக் கண்டதும் நாம் பிளாஷை அழுத்துவோம். துளி விழ எடுக்கும் நேரம் செக்கனில் நாலில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகம். எமது விரல் தாமதிக்கும் நேரமும் அதனை அடுத்ததே. ஆதலின் பத்துக்கு ஒன்றேனும் வாய்த்தது. "சொதிக்கு வைத்த பாலையும் கொட்டப் போகிறீர்களோ?" என்று ஆச்சி கடிந்துகொண்டார்.

துளி விழுந்த இடத்திற் பால் எழுந்து மகுடம் சூடியது! ஆனால் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் கோணலாயிருந்தது. "வடிவாகத்தானே இருக்கிறது மாமா?" என்றாள் மருமகள். அமெரிக்கப் பேராசிரியர் ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் 1957இல் எடுத்த, உலகப் புகழ் பெற்ற பால்துளிப் படத்தின் செம்மையே எம் நெஞ்சில் நின்றது. கோணலானவற்றையெல்லாம் அழித்துவிடுமாறு பணித்தோம். அவள் மறுபேச்சின்றி ஒவ்வொன்றாக அழித்தாள்.

கொழும்பு திரும்பிய பின்னரே ஆங்கிலேய அறிஞர் ஆர்தர் வர்திங்டனின் வரலாற்றைப் படித்தோம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் மின்பொறியின் ஒளியிற் கண்ட துளிச் சிதறல்களைக் கையால் வரைந்தார். வரைந்தவை பெரும்பாலும் ஒழுங்கான வடிவங்கள். 1894இல் அதே காட்சியைப் புகைப்படமாக எடுத்தபோதே, உண்மைச் சிதறல்கள் கோணலானவை என்பது அவருக்குப் புலனாயிற்று. ஒழுங்கைத் தேடிய மனம், கண் கண்டதைத் திருத்திவிட்டிருந்தது!

நாமும் அதே பிழையையே செய்தோம். குழந்தையின் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய உண்மையை, எமது சொல்லால் அழிப்பித்தோம். அழித்தவை மீளவில்லை.

முயல விரும்பும் வாசகர்களுக்கு இரு வார்த்தைகள். பிளாஷ் விளக்கை ஒருபோதும் கழற்றிப் பார்க்கலாகாது. மின்கலத்தை எடுத்த பின்னரும் உள்ளே ஏறக்குறைய 300 வோல்ற் அழுத்தம் தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். கரையோரத்தில் வசிப்போர், உப்புக்காற்று படிந்த கமராவை அன்றே துடைத்துவைத்தல் நன்று.

அடுத்த விடுமுறையில் மீண்டும் உடப்புக்குச் சென்றோம். மகுடம் அம்முறையும் கோணலாகவே எழுந்தது. "அழிக்கவா மாமா?" என்றாள் மருமகள். "வேண்டாம் பிள்ளை; ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டு" என்றோம்.