பவளப்பாறை மீன்தொட்டியும் அறைக்காற்றும்

பவளப்பாறை மீன்தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றோடு வாழும் மீன்களையும் கடல்நீரில் வைத்து வீட்டுக்குள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச் மதிப்பு இத்தொட்டியில் 7.8 முதல் 8.5 வரை இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் அது 8.1 அளவில் உள்ளது. உப்பின் அளவும் வெப்பநிலையும் சரியாக இருந்தும், பல வீட்டுத் தொட்டிகளில் பி.எச் 7.7 அல்லது 7.8-ஐத் தாண்டுவதில்லை. இதற்கான காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள் இல்லை. தொட்டி வைக்கப்பட்டுள்ள அறையின் காற்றில் உள்ளது.

காற்று நீரை மாற்றும் விதம்

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் பிரிவதால் பி.எச் குறைகிறது. காற்றில் இவ்வாயு எந்த அளவில் இருக்கிறதோ, அதற்கு ஈடான அளவு நீரிலும் சேரும் வரை இப்பரிமாற்றம் நடைபெறும். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர், அலை எழுப்பும் மோட்டார், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகிய அனைத்தும் இதை விரைவுபடுத்துகின்றன.

இன்று வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு உள்ளது. சன்னல்கள் அடைக்கப்பட்டு, குளிர்சாதனம் ஓடும் அறையில் நான்கு பேர் அமர்ந்திருந்தால் இது 1,000-ஐ எளிதாகக் கடந்துவிடும். ஸ்பிளிட் வகைக் குளிர்சாதனம் அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. புதுக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. எரிவாயு அடுப்பும் தன் பங்கைச் சேர்க்கிறது. நீரின் காரத்தன்மை மாறாதிருக்க, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் பி.எச் ஏறத்தாழ 0.3 குறையும். வெளிக்காற்றில் 8.1 காட்டும் அதே நீர், 840 பங்கு உள்ள அறையில் 7.8 காட்டும். நீரில் எக்குறையும் இருக்க வேண்டியதில்லை.

பகலிரவு ஏற்றத்தாழ்வு இதன்மேல் வந்து சேர்கிறது. விளக்கு எரியும்போது பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகின்றன, பி.எச் உயர்கிறது. விளக்கு அணைந்தபின் எல்லா உயிர்களும் அதை வெளியிட மட்டுமே செய்கின்றன. வீட்டார் கதவடைத்து உறங்குவதும் அதே நேரத்தில்தான். எனவே விடியலுக்குச் சற்றுமுன் அளவிடும்போது மிகத் தாழ்ந்த எண் கிடைக்கிறது.

பவளம் கால்சியம் கார்பனேட்டால் தன் கூட்டைக் கட்டுகிறது. பி.எச் தாழும்போது நீரில் கார்பனேட் அயனிகள் குறைவதால் அப்பணி கடினமாகிறது, வளர்ச்சி மந்தமாகிறது.

பயோஸ்பியர் 2

மூடிய கட்டடமும் பவளக் கடலும் ஒன்றாக அமைந்த மிகப்பெரிய எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பயோஸ்பியர் 2 ஆகும். 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் இக்கட்டடத்துக்குள் அடைபட்டு வாழ்ந்தனர். உள்ளே சுமார் 26 இலட்சம் லிட்டர் செயற்கைக் கடலும் இருந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்காகப் பெருக, கடலின் பி.எச் தாழ்ந்தது, அதைக் காக்க வேதிப்பொருட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் கிறிஸ் லாங்டன் குழுவினர் அதே கடலில் ஆய்வு செய்து, நீரின் கார்பனேட் நிலை தாழ்ந்தால் பவளத்திட்டின் சுண்ணக் கட்டுமானமும் குறைகிறது என 2000-இல் வெளியிட்டனர். கடல் அமிலமாதல் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இது அடிப்படையானவற்றுள் ஒன்று.

காரணத்தைக் கண்டறிதல்

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பி.எச் மீட்டரை முதலில் அளவுத்திருத்தம் செய்துகொள்ள வேண்டும். திருத்தப்படாத மீட்டர்தான் பல போலிச் சிக்கல்களுக்குக் காரணம். தொட்டி நீரை இரண்டு குவளைகளில் எடுத்து, ஒன்றில் வீட்டுக்கு வெளியேயும் மற்றதில் தொட்டி உள்ள அறையிலும் சிறு காற்று மோட்டாரால் ஒரு மணி நேரம் குமிழியிட வேண்டும். வெளியே வைத்த நீரில் மட்டும் பி.எச் உயர்ந்தால் அறைக்காற்றே காரணம். இரண்டிலும் உயர்ந்தால் தொட்டிக்குக் காற்றோட்டம் போதவில்லை. இரண்டிலும் உயரவில்லை என்றால் நீரின் காரத்தன்மையைச் சோதிக்கலாம்.

சரிசெய்தல்

எண் தாழ்ந்ததும் பலர் கடைகளில் விற்கும் பி.எச் உயர்த்தி மருந்துகளை நாடுகின்றனர். அறைக்காற்று மாறாதபோது இவற்றின் பயன் சில மணி நேரமே. எண் மீண்டும் இறங்குகிறது. மருந்து மீண்டும் ஊற்றப்படுகிறது. காரத்தன்மை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. காற்றை அப்படியே விட்டு பி.எச்சை 0.3 உயர்த்த, காரத்தன்மையை ஏறத்தாழ இரு மடங்காக்க வேண்டும். அந்நிலையில் கால்சியம் கார்பனேட் சூடேற்றியிலும் மோட்டாரிலும் வெண்படிவாகப் படியும். திடீர் மாற்றத்தால் பவளத்தின் திசு உரியவும் கூடும். தாழ்ந்த பி.எச்சைவிட இந்த மருத்துவமே அதிகக் கேடு விளைவிக்கிறது.

சன்னலைத் திறப்பது மிக எளிய வழி. இயலாத இடத்தில் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டி விடலாம். குழாயின் வாய் கொசுமருந்துப் புகை, வண்ணப்பூச்சு, வாகனப் புகை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். குழாய் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் ஸ்கிம்மர் இழுக்கும் காற்று குறைந்துவிடும். வெளிக்குழாய்க்கு வழியில்லாத அடுக்குமாடி வீடுகளில், சோடா சுண்ணாம்பு நிரப்பிய குடுவை வழியாகக் காற்றைச் செலுத்தி கார்பன் டை ஆக்சைடை நீக்குவது உண்டு. நிறங்காட்டி கலந்த வகையில் சுண்ணாம்பு தீர்ந்ததும் நிறம் மாறும். மற்றொரு வழி, தனி அறையில் கடற்பாசி வளர்த்து, முதன்மைத் தொட்டி இருளும்போது அதற்கு விளக்கேற்றுவது. இது இரவுச் சரிவைக் குறைக்கும்.

தெளிந்த சுண்ணாம்பு நீரும் பயன்படுகிறது. இது கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதோடு கால்சியத்தையும் காரத்தன்மையையும் தருகிறது. செறிவுற்ற சுண்ணாம்பு நீரின் பி.எச் 12-க்கும் மேல் என்பதால், ஆவியாகும் நீருக்கு ஈடாக, பெரும்பாலும் இரவில், சொட்டுச் சொட்டாகவே விடப்படுகிறது.